பதினோராவது எபிசோட்

பதினோராவது எபிசோட் ஓடும்போது லிஃப்ட் மெக்கானிக் வாயில் போட்டதை மெல்லவும் மாட்டார். பழைய துப்பறியும் தொடர் அது. மற்ற எபிசோடெல்லாம் அவருக்கு வெறும் ஓட்டமும் துரத்தலும். “இதுல மட்டுந்தான் அந்த மனுஷன் காதைத் தீட்டிக்கிட்டு சும்மா நிக்கிறான்” என்பார். தொடரின் ஆரம்ப இசை கேட்டாலே அவர் மனைவிக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

கதை இதுதான். ஆறு மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் கொலை. சந்தேகத்தில் சிக்கியவன், தான் நாலாவது மாடியில் லிஃப்ட் ஏறி நேரே ஆறாவதுக்குப் போனதாகச் சாதிக்கிறான். வழியில் ‘உஸ்’ஸென்று ஏதோ கடந்து போனது என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவைக்கிறான். துப்பறிபவர் நாலு நிமிடம் லிஃப்டில் ஏறி இறங்குகிறார். வசனமில்லை, இசையில்லை. “எழுதினவன் நம்ம தொழிலைத் தெரிஞ்சு எழுதியிருக்கான்” என்று சொல்லும்போது தானே எழுதியதுபோல மெக்கானிக்கின் மார்பு நிமிரும். முப்பது வருடமாக யார் கிடைத்தாலும் இந்தக் கதையைச் சொல்லி, ‘எங்கே மாட்டினான்?’ என்று கேட்பார். ஒருவரும் சொன்னதில்லை.

போன வாரம் நண்பகலில், ஓர் அலுவலகக் கட்டடத்தில் தட்டச்சுக்காரப் பெண் ஒருத்தி லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டாள். கதவை அறைந்தாள், மூச்சு இரைத்தது. மேலே மோட்டார் அறையில் இருந்த கூட்டாளி அரை மணி நேரமாவது ஆகும் என்றார். மெக்கானிக் கதவிடுக்கில் வாய்வைத்து, லிஃப்ட் விழாது என்றார். அது மேலே ஏறினால் மறுபக்கம் ஒரு பெரிய எடைக்கட்டை கீழே இறங்கும், இரண்டையும் கெட்டியான கம்பிவடங்கள் பிடித்திருக்கின்றன என்று விளக்கினார். அவள் அழுகை நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் பதினோராவது எபிசோடை ஆரம்பித்தார்.

கொலை நடந்தபோது அறைவது நின்றது. லிஃப்டில் அந்த நாலு நிமிடம் வந்தபோது மூச்சுச் சத்தமும் அடங்கியது. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

“அண்ணே,” என்றது உள்ளிருந்து குரல். “லிஃப்டும் அந்த எடையும் நடுவழியிலதானே எதிரெதிரே வரும்? அப்ப மூணாவது மாடி. நாலுல ஏறினவனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? அவன் கீழேருந்துதான் வந்திருக்கான்.”

மெக்கானிக் கதவிடுக்கிலிருந்து முகத்தை எடுத்தார். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பி, “கண்டுபிடிச்சிட்டாங்கப்பா!” என்று மேலே குரல் கொடுத்தார். பழுதைத்தான் சொல்கிறார் என்று நினைத்த கூட்டாளி, தான் அதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதாகக் கடுப்போடு பதில் சொன்னார்.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, தண்ணீர் குடித்து, முகம் துடைத்தாள். சரிபார்க்க ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் லிஃப்டுக்குள் போனார். அவள் வாசலில் தயங்கி நின்றாள்.

“நானும் வரேண்ணே. அந்தச் சத்தத்தைக் கேக்கணும்.”

கீழ்த்தளம் வரை இறங்கினார்கள். பிறகு லிஃப்ட் ஏறத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாதி வழி நெருங்கும்போது மெக்கானிக் கையை நீட்டி, தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.