மூன்று பரல் தண்ணீர்

பிரியவதனி என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் தீவில், சுருவில் ஊர் வாசிகசாலை வாசலில். வாசிகசாலைத் தலைவர் தம்பிஐயா அண்ணை ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆரிந்தப் பிரியவதனி? எங்களுக்கு வாயில ஊத்தவே காணாது, பூங்கண்டுக்குத் தண்ணி கேக்கிறா!" என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்.

கொஞ்சம் யோசிக்க ஆள் பிடிபட்டது. காலி நகரில் கடை வைத்திருந்த அனலைதீவு வல்லிபுரத்துக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண் சரோஜினிதேவியின் மகள்தான் இவள். என் அம்மாவின் சின்னம்மா வழியில் எங்களுக்கும் தூரத்துச் சொந்தம். பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறை பழக்குகிற வேலை. குறைந்த தண்ணீரில் ஒரு வளவைப் பச்சையாக்குவதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பழக, வாசிகசாலை வளவைக் கேட்டிருந்தாள்.

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீட்டுக்கும் குடிக்க வாசிகசாலைக் கிணறு ஒன்றுதான். தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக நிற்கும், அடியில் கடல். மெல்ல அள்ளினால் தரும். அவசரப்பட்டு இறைத்தால் உப்புச் சவர் ஏறிவிடும். ஏறிய சவர் இறங்காமலே பாழாய்ப் போன கிணறுகளை நான் கண்டிருக்கிறேன்.

"தண்ணி சவர்த்துதோ, குழாயெல்லாம் பிடுங்கி எறிவன். பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டப்படாது," என்று நேரில் வந்து நின்ற பிரியவதனியிடம் சொன்னார் தம்பிஐயா அண்ணை.

"ஓம் ஐயா. காலமை இருவது நிமிசம். அதுக்கு மேல மோட்டர் ஓடாது."

பிள்ளைகள் பத்துப் பேர் வந்தார்கள். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விடும் குழாய் பதித்து, நாற்பது கன்று நட்டார்கள். மோட்டர் கீர்த்திகன் என்ற பெடியனின் பொறுப்பு. போட்ட நேரம், நிப்பாட்டிய நேரம் இரண்டையும் கொப்பியில் எழுதுவான். பிரியவதனி பின்னேரத்தில் உப்பு அளக்கும் கருவியைக் கிணற்றுக்குள் இறக்குவாள். எண்ணூறு காட்டும்; ஆயிரத்தைத் தாண்டினால் குடிக்க ஆகாது. ஒரு மாதம் அப்படியே போனது.

ஆவணி வெயிலில் ஒருநாள், கன்றுகளின் அடியை மூட ஓலை வெட்டவென்று எல்லாரும் பனங்காணிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது என் தங்கையின் மருமகள் மீனலோசனி வேலியோரம் மூன்று தகரப் பரல் நிறையத் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருந்தாள். பிள்ளைகள் கும்மாளமாய்க் குளித்தார்கள். வாசிகசாலை மோட்டர் ஒன்றரை மணித்தியாலம் ஓடியதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பின்னேரம் கருவி ஆயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. பிரியவதனி மீண்டும் இறக்கினாள். அதே எண். ஒழுங்கை முழுவதும் கிணற்றடிக்கு வந்துவிட்டது.

"மோட்டரை எத்தினை மணிக்கு நிப்பாட்டினனீர்?"

"ஏழு இருவதுக்கு மிஸ். கொப்பியில கிடக்கு," என்றான் கீர்த்திகன்.

"கொப்பியில எழுதினாக் கிணறு நம்புமோ?" என்று பாய்ந்தார் தம்பிஐயா அண்ணை.

பிரியவதனி ஈரம் காயாத பரல்களைப் பார்த்தாள். பிறகு மீனலோசனியைப் பார்த்தாள்.

"மோட்டர் என்ர பொறுப்பு ஐயா. பிழை என்ர. பதினைஞ்சு நாள் தாங்கோ. குடிக்கப் பவுசர் லொறியில தண்ணி கொண்டுவருவிப்பன். கிணத்தை ஒருத்தரும் தொடவேண்டாம். கண்டுகளுக்கும் தண்ணி இல்லை."

"மிஸ், கண்டு செத்தால் எங்கட சோதினை மாக்ஸ்?" என்று பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்.

"கிணறு செத்தால் இவையள் எங்க போறது?"

தம்பிஐயா அண்ணை வீட்டுக்குப் போய் நீள இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து வாசிகசாலைச் சுவரில் சாத்திவைத்தார். குழாய் கிளப்புவதற்கு.

பிரியவதனி தினமும் முதல் பஸ்ஸில் தனியாக வந்தாள். எவரும் அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் உப்பு இன்னும் ஏறியது. எட்டாம் நாள் ஆயிரத்து எழுநூறு. கன்றுகள் கருகத் தொடங்கின. பதினைந்தாம் நாள் கருவி தொள்ளாயிரம் காட்டியது.

"மிசினை விடும். தேத்தண்ணி சொல்லட்டும்," என்றார் தம்பிஐயா அண்ணை.

மீனலோசனிதான் ஒரு வாளி அள்ளி, தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். அவர் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு குடித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சீனி காணாது," என்றார்.

மீனலோசனி விம்மி அழத் தொடங்கினாள். "அண்டைக்கு மோட்டர் போட்டது நான்தான் மாமா. வேர்த்து விறுவிறுத்து வந்த பிள்ளையளிட்டை, குளிக்கத் தண்ணியில்லை எண்டு எந்த வாயால சொல்லுறது?"

"தெரியும். கடைசிப் பரலில நானும் ரெண்டு வாளி அள்ளித் தலையில ஊத்தினனான்," என்று சொல்லிவிட்டு, அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

நாற்பதில் இருபத்தாறு கன்று தப்பியது. ஓலை மூடிய இடமெல்லாம் தப்பியது. மற்றப் பதினாலும் ஏன் செத்தன என்று எழுதித்தான் கீர்த்திகன் மாக்ஸ் வாங்கினானாம்.

பிரியவதனி இப்போது எழுவைதீவில், ஒரு பள்ளிக்கூட வளவில், புதுப் பிள்ளைகள் எட்டுப் பேரோடு குழாய் பதிக்கிறாள். மோட்டர் கொண்டுபோகவில்லை. வாளியும் கயிறும்தான்.