'ரப்பர் பொம்மை' என்று எழுதினேன்

புனேயில், வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குகளுக்குச் சுங்கப் படிவம் நிரப்புவது என் வேலை. இங்கே தாபோடிப் பகுதியில் பெண்களுக்குப் புற்றுநோய் முகாம் நடத்தும் நர்ஸ் செல்வியக்கா, கட்டியைத் தடவிக் கண்டுபிடிக்கக் கற்றுத்தர ஒரு சிலிகான் மார்பக மாதிரியை வரவழைத்திருந்தார். 'மார்பகம்' என்ற சொல்லை எழுதக் கூச்சப்பட்டு, 'ரப்பர் பொம்மை' என்று எழுதிவிட்டேன்.

சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "யே கிலோனா நஹீ, அஷ்லீல் மால் ஹை" என்று சொல்லி, இது பொம்மை இல்லை, ஆபாசப் பொருள் என முடக்கிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. செல்வியக்காவை வரவழைத்து, "அந்த ஆளுக்கு மூளையே இல்லக்கா" என்று கத்தினேன்.

அவர் படிவத்தை வாங்கிப் படித்தார். "பொம்மைன்னு எழுதினது யாரு?"

"நான்தான். மத்ததை எழுத ஒரு மாதிரியா இருந்துச்சு."

"என்கிட்ட வர்ற பொண்ணுங்களும் இதையேதான் சொல்றாங்க. ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் யார்கிட்டயும் காட்டலைன்னு. அதுக்குள்ள முத்திப்போயிடுது."

திருத்திய படிவத்தையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் கொடுத்த பிறகு பெட்டி வந்துவிட்டது. அந்த அதிகாரியின் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அதைத் தடை செய்தவன் நான்.