சந்திரவல்லி கை பார்த்து வாங்கிய பைப்பு

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களில் சந்திரவல்லியின் கைக்குத் தனி மரியாதை. ஒரு பிடி காயை உள்ளங்கையில் ஏந்தினாள் என்றால் எது முற்றல், எது சொத்தை என்று கையே சொல்லிவிடும். கனத்த காய்தான் நல்ல காய். அந்தக் கணக்கு அவளுக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

பைப்பு வாங்கப் போனபோதும் அந்தக் கையைத்தான் நம்பினாள். சிலமலையில் இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டு, அவளும் புருஷன் அமாவாசையும் மலைச்சரிவில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். செடிகள் முதல் காய்ப்புக்கு நின்றன. மேலே இருக்கும் தொட்டியிலிருந்து கோடையில் தண்ணீர் இறக்கினால்தான் அவை பிழைக்கும். தோட்டம் போனால் இருவருக்கும் போக்கிடம் கிடையாது.

கடைக்காரர் இரண்டு பைப்பு காட்டினார். ஒன்று லேசு, அழுத்தினால் வளைந்தது. மற்றது நல்ல கனம், விறைப்பு. அமாவாசை லேசானதைத்தான் தடவிக்கொண்டு நின்றான்.

"அது நோஞ்சான். இதத் தூக்கிப் பாருங்க, எங்கையி பொய் சொல்லுமா?" என்றாள். ஊரே மெச்சிய கையாயிற்றே, அவன் கனத்த பைப்புக்கே காசை எண்ணிக் கொடுத்தான்.

பங்குனி வெயிலில் காய்ந்த கொப்பு ஒன்று பைப்பின்மேல் விழுந்தது. அடுப்பெரிக்கக்கூடக் காணாத கொப்பு. அதற்கே பைப்பு சில்லுச்சில்லாகத் தெறித்தது. ஒட்டித் தண்ணீரைத் திறந்தால் கீழே இன்னோர் இடத்தில் பிளந்தது. அதை ஒட்டினால் அடுத்தது. தொட்டித் தண்ணீர் பூராவும் ஓடைக்குப் போயிற்று. தொட்டியை நிரப்பும் ஊற்றும் வற்றிவிட்டதால் அது பிறகு நிறையவே இல்லை.

பைப்பு மாட்டுகிற ஜெகதீஷ் வந்து உடைந்த முனையை விரலால் தேய்த்தான். வெள்ளையாக மாவு ஒட்டியது.

"சுண்ணாம்புக்கல்லுப் பொடிக்கா. பிளாஸ்டிக்கோட அளவாக் கலந்தா பைப்பு விறைப்பா நிக்கும், தப்பில்ல. அள்ளிக் கொட்டிட்டா, பொடியப் பிடிச்சுவைக்கப் பிளாஸ்டிக்கு பத்தாது. அடிபட்டா வளைஞ்சு குடுக்காம வெடிச்சிரும்."

"பெறகு அம்புட்டுக் கனம் எங்கேருந்து வந்துச்சு?"

"பிளாஸ்டிக்க விடக் கல்லுதானக்கா கனம்."

செடிகள் தூரோடு கருகின. யானைக்கும் அடி சறுக்கும் என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கிய யானை எழுந்துவிடும், கருகிய செடி எழுமா? அமாவாசை அவளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பாவி மனுஷன், தோட்டத்தை ஒப்படைத்துவிட்டு ஜீப்பில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான்.

மறுபடியும் தரம் பிரிக்கத்தான் போனாள். பக்கத்தில் இருந்த காளீஸ்வரி வழக்கம்போல ஒரு பிடி காயை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எந்தத் தரம்க்கா?"

கை கனம் என்றது. சந்திரவல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலடி. வேற யார்ட்டயாச்சும் கேளு" என்று காயைத் திரும்பக் குவியலில் கொட்டினாள்.