ஸுஹறா வீட்டு வடக்குச் சுவர்

புதுக்குடியிருப்புக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊரில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய வீடுகளில் பாதி யோகலிங்கம் மேசனின் கைவேலை. மனிதர் அதை மறக்கவும் மாட்டார், எங்களை மறக்க விடவும் மாட்டார். கலியாண வீடோ மரண வீடோ, போனதும் முதலில் சுவரைத் தடவிப் பார்ப்பார். பிறகுதான் வீட்டுக்காரரோடு கதை. "நான் பூசின சுவருக்குள்ளை எறும்பும் போகாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

போன வைகாசியில் ஸுஹறா வீட்டு வடக்குச் சுவருக்குள் தேனீக்கள் போயின.

ஸுஹறா எனக்குப் பக்கத்து வளவு. 2013இல் அந்த வீட்டைக் கட்டியவர் யோகலிங்கம்தான். சுவரின் மேல்பக்கத்தில் பூச்சு வெடித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே நடுவில் வெறுமையான கோறைக் கற்கள். தேனீக்களுக்கு வசதியான இடம். சுவரில் காதை வைத்தால் தூரத்தில் அரிசி ஆலை ஓடுவதுபோல இரைந்தது. ஸுஹறாவின் மகள் முஃப்லிஹா அந்தப் பக்க விறாந்தையில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குக் குத்தியதோடு வகுப்பு நின்றுபோனது.

அந்த வகுப்புக்கென்றே ஓர் அறை கட்ட ஸுஹறா நினைத்திருந்தாள். வேலையை ரூபனுக்குத் தருவதாகச் சொல்லியும் இருந்தாள். ரூபன் யோகலிங்கத்தின் கையாள். பதினைந்து வருடமாக அவருக்குக் கலவை குழைத்து, கல் தூக்கிக் கொடுக்கிறான். நாற்பது வயதாகியும் தானே பொறுப்பெடுத்து ஒரு சுவர் கட்டியதில்லை. இந்த அறைதான் முதலாவது. அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கும் நாளை அவன் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தான்.

தேனீ பற்றிக் கேள்விப்பட்டு வந்த யோகலிங்கம் சுவரை அண்ணாந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"பூசேக்கை ஏறி நிக்கப் பலகை கட்டினனாங்கள். அதுக்கு மரம் செருகின ஓட்டை இது," என்றார். "பிறகு அதுகளை அடைக்கிறது கையாளின்ரை வேலை. ரூபன் ஒழுங்கா அடைக்கேல்லை."

"அப்பிடியோ ரூபன்?" என்று கேட்டாள் ஸுஹறா.

ரூபன் அண்ணாந்து அந்த ஓட்டையைப் பார்த்தான்.

"அறை வேலையை நான் யோசிச்சுச் சொல்றன்," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், நானும் ரூபனைத்தான் நினைத்தேன். இதே வீடு கட்டியபோது மேசனுடைய தூக்குக்குண்டு காணாமற்போனது. சுவர் நிமிர்ந்து நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் பித்தளைக் குண்டு அது, அவர் தகப்பன் பாவித்தது. "துலைச்சுப்போட்டான், கவனமில்லாதவன்" என்று யோகலிங்கம் அன்று ரூபனைப் பேசிய பேச்சு வேலி தாண்டிக் கேட்டது. அதிலிருந்து ஊருக்கு அவன் கவனமில்லாதவன்தான். பன்னிரண்டு வருடமாகச் சுவர் பூசுகிற சாந்தகப்பையை அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை.

பெற்றோல் ஊற்றிக் கொளுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். "வேண்டாம், நான் உயிரோடை எடுத்துத் தாறன்" என்றான் ரூபன். வேலை கையை விட்டுப் போன ஆள் கேட்ட ஒரே உதவி, ஒரு பழைய மரப்பெட்டி.

அடுத்தநாள் பின்னேரம் காற்று விழுந்ததும் தொடங்கினான். நான் கீழே தேங்காய்ப் பொச்சைக் கொளுத்திப் புகை போட்டேன். யோகலிங்கம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கட்டளை போட்டார். ரூபன் ஏணியில் ஏறி, உளியால் பூச்சைச் சின்னச் சின்னத் துண்டாகக் கழற்றினான். தேனீக்கள் முகத்தில் ஊர்ந்தபோதும் அவன் கை ஓடிய வேகம் மாறவில்லை. புழுவிருந்த தேன்வதைகளை அறுத்து, வாழைநாரால் பெட்டிக்குள் கட்டினான். ராணி உள்ளே போனதும் மற்றவை தாமாக வரிசை பிடித்தன. கவனமில்லாதவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசி வதையை எடுக்கக் கையை ஆழமாக விட்டவன் அப்படியே நின்றான். பிறகு எதையோ கைக்குள் பொத்திக்கொண்டு இறங்கினான். நேரே யோகலிங்கத்திடம் போய், யாரும் காணாதபடி அவர் கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டான்.

யோகலிங்கம் விரல்களைச் சற்றே விலக்கிப் பார்த்தார். அதை மடிக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் அவர் எழும்பி, விறாந்தையில் நின்ற ஸுஹறாவிடம் போய்க் கையை விரித்தார். மெழுகு அப்பிய பித்தளைக் குண்டு. நூலில் சீமெந்துப் பைத் தாள் ஒட்டியிருந்தது.

"மழை வருதெண்டு நான்தான் இதை ஓட்டைக்குள்ளை வைச்சனான், தங்கச்சி," என்றார். "விடிய வந்து, இது உள்ளை கிடக்கிறதை மறந்து, தாளை அடைஞ்சு பூசினதும் நான்தான். ரூபன் அண்டைக்கு லொறியிலை மண் பறிக்கப் போனவன். அவனிலை பிழை இல்லை."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. பொச்சை அணைத்தேன்.

யோகலிங்கம் ரூபன் பக்கம் திரும்பினார். குரல் தளர்ந்திருந்தது. "அவ்வளவு பேசினன் உன்னை. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னனான் அண்ணை," என்றான் ரூபன், கையிலிருந்த தேனைத் துடைத்தபடி. "ஓட்டைக்குள்ளை வைச்சதைக் கண்டனான், உடைச்சுப் பாப்பம் எண்டு. 'நான் பூசின சுவரை உடைக்கிறதோ' எண்டு கேட்டனீங்கள்."

மேசன் குண்டைத் தன் சேட்டிலேயே துடைத்து, ரூபனின் பொக்கற்றில் போட்டார்.

ஸுஹறா முதல் தேத்தண்ணியை ரூபனிடம் நீட்டினாள். "திங்கக்கிழமை தொடங்கேலுமோ?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

ஆவணியில் அறை முடிந்தது. அதைத் திறந்த அன்று யோகலிங்கமும் வந்தார். வாசலில் நின்றபடி பழக்கதோசத்தில் சுவரைத் தடவக் கையை உயர்த்தினார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, உள்ளே போய்ப் பிள்ளைகள் இருந்து படிக்கிற மர வாங்கில் அமர்ந்தார்.