கூலிங் கிளாஸ் போட்ட அப்பா

வேங்கிக்காலில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கண்ணீர் அஞ்சலி பேனர் எத்தனையோ அடித்திருக்கிறேன். போன மாதம் கஸ்டமராக வந்தவர்கள் என் அம்மாவும் அக்காவும். பேனர் என் அப்பாவுக்கு. மறுநாள் காரியம்.

மூன்று போட்டோ இருந்தது. ஒன்றில் கிரிவலப் பாதையில் கூலிங் கிளாஸ் போட்டுச் சோளம் கடிக்கிறார். இன்னொன்றில், மாமா கல்யாணத்துக்குப் போட்ட வாடகைக் கோட். மூன்றாவது பாஸ்போர்ட் சைஸ்.

அம்மாவுக்குக் கூலிங் கிளாஸ்தான் வேண்டும், இல்லையென்றால் கோட். பாஸ்போர்ட்டில் திருடன் மாதிரி முழிக்கிறாராம். அக்காவுக்குக் கோட், இல்லையென்றால் பாஸ்போர்ட். சாவு பேனரில் கூலிங் கிளாஸா என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் பாஸ்போர்ட், பெரிசாக்கினாலும் படம் புள்ளி புள்ளியாக உடையாது. இல்லையென்றால் கூலிங் கிளாஸ். கோட்டில் இருப்பது அப்பாவே இல்லை.

"ரெண்டு ரெண்டா மோத வுடு, எதுக்குக் கை ஜாஸ்தியோ அத்த அடி," என்றார் முதலாளி அண்ணன்.

கூலிங் கிளாஸைப் பாஸ்போர்ட் ஜெயித்தது. பாஸ்போர்ட்டைக் கோட் ஜெயித்தது. சரி, கோட் என்று முடிக்கப் போனால், கூலிங் கிளாஸோடும் மோத விடச் சொன்னாள் அம்மா. கோட் தோற்றது. கூலிங் கிளாஸ்தான் முதலிலேயே தோற்றுவிட்டதே என்றாள் அக்கா. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே சுற்று.

"உங்கப்பன் மாதிரியே, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது பாரு," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா போன பிறகு எங்களுக்கு வந்த முதல் சிரிப்பு.

அண்ணன் கடுப்பாகிவிட்டார். மெஷின் சும்மா நிற்கிறது, இனி ரெண்டே ஓட்டு, முதலில் ஜெயித்தது மிச்சத்தோடு மோதட்டும், தோற்றது திரும்ப வரக் கூடாது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் ஓட்டில் எதை ஒதுக்கி வைக்கிறேனோ, அதுதான் கடைசியில் ஜெயிக்கும். மவுஸ் என் கையில்.

எனக்குப் பிடித்த பாஸ்போர்ட்டைக் கடைசிக்கு ஒதுக்கப் போனேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூலிங் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சொல்லுங்க, கோட்டா, பாஸ்போர்ட்டா?" என்றேன்.

கோட் ஜெயித்தது, கோட்டைக் கூலிங் கிளாஸ் ஜெயித்தது. அது வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ. பத்தடிக்கு இழுத்தால் உடையும். சாயங்காலம் வரை உட்கார்ந்து சரி செய்தேன். மறுநாள் தெருமுனையில் அப்பா சோளம் கடித்தபடி நின்றார். அழுதுகொண்டே வந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்தும் அடங்கல பாரு இவன்," என்று சிரித்துவிட்டாள்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தால், எதைக் கடைசியில் கேட்பது என்று முதலிலேயே முடிவு பண்ணுங்கள். அதற்கும் முன்னால், யார் கண் எந்தப் போட்டோவை விட்டு நகரவில்லை என்று பாருங்கள்.