லாவோஸ் கடையில் ஒரு தவக்கால வெள்ளி

சமாதான காலத்தில் விசா கிடைத்து, மன்னாரிலிருந்து லண்டனுக்குத் தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் டூட்டிங்கில் இருந்தான், பஸ் ஓட்டினான். நான் போன நேரம் தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கரான எங்களுக்கு இறைச்சி கிடையாது, மீன் சாப்பிடலாம். அப்படியொரு வெள்ளி மத்தியானம், ஷிப்ட் முடிந்து வந்தவன் உடுப்பும் மாற்றாமல், "வாங்கோ அக்கா, லாவோஸ் சாப்பாடு சாப்பிடுவம்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

கடைப் பலகையைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

"இதிலை தாய்லாந்து எண்டெல்லோ போட்டிருக்கு?"

"லாவோஸ் எண்டு போட்டால் ஒருத்தரும் வராயினமாம். சமைக்கிறது லாவோஸ்காரர்தான். என்னோடை வேலை செய்யிற பெடியன் சொன்னவன்."

பேரையே மாற்றி வைத்திருப்பவர்கள் சட்டிக்குள் எதையெல்லாம் மாற்றுவார்களோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சோறு மூங்கில் கூடைக்குள் வந்தது. ஒட்டிப் பிடித்த சோறு. கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டுமாம். தம்பிக்கு ஒரே சந்தோஷம். அடுத்து, கீரையிலைகளோடு ஏதோ கொத்திப் பிரட்டிய ஒரு தட்டு வந்தது.

"இது என்னெண்டு கேள்."

பரிமாறிய பெண் மீன் என்றாள். மீன் இப்படி உதிருமா? எந்த மீன், பச்சையா அவித்ததா என்று கேட்கச் சொன்னேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வாழையிலையில் சுற்றிய காளானைப் பிரித்து மணந்து பார்த்தேன். இதில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா? திரும்பவும் உள்ளே போனாள். பப்பாளிக்காய்ச் சம்பலைக் கரண்டியால் கிளறி, அடியில் கிடந்த கறுப்புச் சாறு என்ன என்று கேட்டபோது அவள் வரவில்லை. கையைத் துடைத்தபடி முதலாளியே வந்தார். வாயில்தான் சிரிப்பு இருந்தது. கண்கள் தம்பியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலேயே நின்றன.

அவர் சொன்னதைக் கேட்டுத் தம்பி குனிந்து சிரித்தான்.

"அக்கா, எங்களைக் கவுன்சிலிலை இருந்து கடையைச் சோதிக்க வந்த ஆக்கள் எண்டு நினைக்கிறார்."

இல்லை என்று அவன் அட்டையைக் கழற்றியே காட்டினான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. குசினியைப் பார்க்கலாம் வாருங்கள் என்று முன்னால் நடந்தார். நான் மறுக்கவில்லை. அடுப்படி துடைத்துத் துப்புரவாக இருந்தது. அதுகூட, எங்களைக் கண்டபிறகு துடைத்ததோ என்றுதான் பட்டது. கறுப்புச் சாறு இருந்த சாடியின் மூடியை அவர் திறந்தார். உப்பில் ஊறி நொதித்த மீன். பரிமாறிய பெண் நான் மூக்கைப் பொத்துவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். கருவாடு காயவைக்கும் வாடிகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அது ஒரு மணமா? குனிந்து நன்றாக மணந்து, "இது மீன்தான்" என்றேன். தம்பி அதை மொழிபெயர்த்ததும், முதலாளி முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகுதான் சாப்பிட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. எல்லாவற்றிலும், சோற்றோடு சின்னத் தட்டில் வைத்திருந்த செத்தல் மிளகாய்ச் சம்பல்தான் எனக்குப் பிடித்தது. உறைப்பும் இனிப்புமாக, இடையிடையே சவ்வுச் சவ்வென்று கடிபடும் துண்டுகள். காய்ந்த கணவாய் என்று நினைத்தேன். இரண்டாந்தரமும் வாங்கி வழித்துச் சாப்பிட்டேன்.

வெளிக்கிடும்போது, அந்தச் சம்பலில் என்ன கணவாய் போடுகிறீர்கள் என்று தம்பியைக் கொண்டு கேட்டேன். முதலாளி பெருமையோடு ஏதோ சொன்னார். தம்பியின் முகம் மாறியது.

"எருமைத் தோலாம், அக்கா. காய வைச்சுப் போடுறதாம்."

ஒவ்வொரு தட்டையும் சந்தேகப்பட்டவள், எங்கள் சம்பல் மாதிரி இருந்ததை மட்டும் கேட்காமல் விட்டிருந்தேன்.

ரயிலில் தம்பி என்னைத் தேற்றப் பார்த்தான். "தோல் இறைச்சியில்லைத்தானே?"

"எருமையின்ரை உடம்பிலைதானே இருந்தது? பேசாமல் இரு."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துச் சுவாமி. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியாமல் சாப்பிட்டது பாவமில்லை, பிள்ளை. மனதைக் குழப்பாதையுங்கோ."

நன்றி சொல்லித் திரும்பினேன். பின்னால் அவர் குரலைத் தாழ்த்தித் தம்பியிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அந்தக் கடை எந்த ஸ்டேசனுக்குக் கிட்ட, தம்பி?"