அண்ணியை அழக் கூப்பிட்ட கூட்டம்

இலங்கையில் பிடித்து வைத்திருக்கும் படகுகள் விஷயமாக டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி இன்று கடலூர் வந்திருந்தார். இலங்கையில் நடக்கப்போகும் இரு நாட்டு மீனவர் பேச்சுவார்த்தைக்கு முன்னால் நம் பக்கத்துக் கருத்தைக் கேட்கிறாராம்.

அண்ணன் படகும் அங்கேதான் கிடக்கிறது. முதுநகரிலிருந்து மீனவர் சங்கத்து ஆண்களோடு அண்ணியையும் கூட்டிப்போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன்.

வேனிலேயே சங்கச் செயலாளர் அண்ணியிடம் சொல்லிவிட்டார். "தங்கச்சி, ஆபீசர் வந்ததும் நீ கொஞ்சம் அழுவு. மத்தத நாங்க பேசிக்கிறோம்."

எப்போதும் அதுதான் வழக்கம்.

கூட்டத்தில் அண்ணி அழவில்லை. எழுந்து நின்றார்.

"சார், ஆம்பளைங்க இத்தினி வருஷமா பேசிட்டாங்க, படகு வரல. எங்க படகு போயி இலங்கை மீனவங்க வலையும்தான் அறுந்துது. அந்த வீட்டுப் பொம்பளைங்கள எங்க எதுருல உக்கார வைங்க. எங்க தப்ப ஒத்துக்கிட்டே பேசுறோம்."

அந்தத் தப்பைச் சங்கத்தில் யாரும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அண்ணியின் பெயரைப் பரிந்துரைப்பதாக அதிகாரி சொன்னார்.

"எங்க அண்ணி" என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம். அவர் யாரென்று கேட்கவே இல்லை.

திரும்பும்போது செயலாளர், "நீயே பேசிட்டா நாங்க அங்க வந்து இன்னா பண்றது?" என்றார்.

"நீங்க கொஞ்சம் அழுவுங்கண்ணே" என்றார் அண்ணி.

அண்ணிக்குப் பாஸ்போர்ட் இல்லை. சீக்கிரம் எடுக்க வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். செயலாளருக்குக் கைக்குட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.